பெரியவர்களின் கூரை யார் பெயரில் இருக்கிறது?

தீபாவளிக்கு மூன்று நாள் லீவு கிடைத்தால் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தலவாக்கலையில் வந்து இறங்கி, த்ரீவீலர் பிடித்துத் தோட்டத்துக்கு ஏறிப் போகிறார்கள். முதல் நாள் பலகாரம், இரண்டாம் நாள் கோயில். மூன்றாம் நாள் காலை பை கட்டும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு வரும். அம்மாவை இனித் தனியாக விட முடியாது; கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவதா, கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் விடுவதா, எங்காவது முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா? பேச்சு வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் நடக்கிறது. அம்மா உள்ளே அடுப்புப் பக்கம் இருக்கிறார். முடிவு எடுத்த பிறகு யாராவது ஒருவர் உள்ளே போய் அதை அவரிடம் சொல்கிறார். மலையகத்தில் பல குடும்பங்களில் இது இப்படித்தான் நடக்கிறது. பாசம் இல்லாததால் நடப்பதில்லை. பாசம் நிறையவே இருக்கிறது. ஆனால் ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்பதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். தன் பெயரில் ஒரு கூரை, தன் பெயரில் கொஞ்சம் காசு, போய்ப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதற்குப் பக்கத்தில் இன்னோர் இடம். மூன்றும் இல்லாதவரிடம் கேட்டால் ‘ஒங்க இஷ்டம் தம்பி’ என்ற ஒரே பதில்தான் வரும். ஆகவே வயதான உறவினருக்கு எந்த இடம் நல்லது என்று தேடுவதற்கு முன்னால், தேர்வு செய்யும் நிலையில் அவரை வைப்பதற்கான வேலையைப் பிள்ளைகளும் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் அரசும் செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

நாடு வேகமாக முதுமை அடைந்துவருவது பத்திரிகை வாசிப்பவர்களுக்குப் புதிய செய்தியல்ல. 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் சற்றுக் குறைவு. 2024 மதிப்பீட்டில் அது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வசதி உள்ளவர்கள் இதற்கு ஏற்பாடு செய்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். கொழும்பைச் சுற்றிக் கட்டணம் செலுத்தித் தங்கும் இல்லங்கள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைச் சுற்றி ஓய்வு பெற்றவர்களுக்கென்றே தனிக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. சாப்பாடு, வைத்தியம், கோயில், நடைபாதை எல்லாம் ஒரே வளவுக்குள். அங்கே போகிறவருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வரும், விற்பதற்கு ஒரு வீடு இருக்கும், வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். தோட்டத்துப் பெரியவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. 2019ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவினக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 14.3 பேர் வறியவர்கள். தோட்டத்துறையில் மட்டும் எடுத்தால் 33.8 பேர். கொரோனாவும் 2022 நெருக்கடியும் அதற்குப் பிறகு வந்தவை. கோயம்புத்தூர்ப் பாதை இங்கே திறக்காது. வேறு பாதை தேட வேண்டும்.

கூரையிலிருந்து தொடங்குவோம். லயம் என்ற வரிசை வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, மழைக்காலத்தில் ஒழுகும் தகரம், கழிப்பறைக்குப் போவதற்குப் பாசி பிடித்த பத்துப் பன்னிரண்டு கற்படி. அறுபது வருடம் அந்தக் காம்பராவில் வாழ்ந்து, ஐந்து பிள்ளைகளைப் பெற்று, புருஷனை அங்கிருந்தே எடுத்துக் கொண்டுபோய் அடக்கம் செய்த ஒரு கிழவிக்கு அந்தக் காம்பராவின் மேல் என்ன உரிமை இருக்கிறது? எழுத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரக் கம்பனி போய் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு அரச நிறுவனங்களின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் 2045 வரைக்குமான குத்தகை வந்தது. துரைமார் மாறினார்கள், பலகையில் பெயர் மாறியது. காம்பரா மட்டும் எந்தக் காலத்திலும் அதில் இருப்பவர் பெயருக்கு வரவில்லை. வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் இருந்தால் பிரச்சினை இல்லை என்பது எழுதப்படாத வழக்கம். அதனால் பாட்டி இருக்க முடியுமா என்பதை மருமகள் பறிக்கும் கொழுந்து தீர்மானிக்கிறது. மருமகள் குவைத்துக்குப் போனாலோ, மகன் கொழும்பில் ஹாட்வெயார் கடைக்குப் போய்விட்டாலோ, பாட்டி காலங்காலமாக இருந்த இடத்தில் விருந்தாளி ஆகிவிடுகிறார். பேரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே விருப்பமில்லாமல் மலைக்குப் போகும் இளம் பெண்கள் இருக்கிறார்கள். இந்த நிலையில் அம்மாவை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் பேசும்போது, அவர்கள் அறியாமலே தோட்டத்து ஆபீசும் அந்தப் பேச்சில் கலந்துகொள்கிறது.

தனி வீட்டுத் திட்டம் இதைத் தீர்த்துவிடும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்ற அளவும் ஊரறிந்தது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்குச் சட்டம் வந்தது. வீடு கட்டி முடிந்த இடங்களில் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இந்த வீட்டுக்குப் பயனாளி யார்? உழைக்கும் வயதுக் குடும்பம். பெரியவர் அந்தக் குடும்பத்தின் வால். லயத்தில் இருந்தவரைக்கும் பழைய காம்பரா அம்மாவுடையது, மகன் பக்கத்துக் காம்பராவில். புது வீட்டுக்கு வந்தபிறகு அது மகன் வீடு; அம்மா முன் அறையில் ஒரு கட்டிலில். வசதி கூடிய அதே நாளில் அவருடைய அதிகாரம் குறைந்துபோகிறது. இதற்கு வழி இல்லாமலில்லை. காணி உறுதி எழுதும்போது பெற்றோரின் பெயரையும் சேர்க்கலாம். பெற்றோர் பெயரில் இருப்பதைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தாலும் சாகும்வரை அங்கே இருக்கும் சீவிய உரித்தைத் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ளலாம். நொத்தாரிசு இரண்டு வரி கூட எழுத வேண்டும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாக இதை எழுதி வருகிறார்கள். இப்போதுதான் உறுதி என்ற ஒன்றையே கையில் வாங்கும் மலையகத்துக்கு இதை எடுத்துச் சொல்வாரில்லை.

அடுத்தது காசு. தோட்டத்தில் ஓய்வு பெறும்போது ஒரு தொகை வரும், ஒரே தடவையாக. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி; அதோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதி; 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி சேவைக்காலப் பணம். நாட்கூலிக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். நாளுக்கு 1,350 ரூபா என்று வைத்து 30 வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் 567,000 ரூபா. 2021இல் வந்த சட்டத்தால் ஓய்வு வயது 60 ஆகியிருக்கிறது. இலங்கைப் பெண்ணின் சராசரி ஆயுள் எண்பதை ஒட்டி நிற்கிறது. இந்தச் சேவைக்காலப் பணத்தை இருபது வருடத்துக்குப் பங்கிட்டால் மாதம் 2,400 ரூபாகூடத் தேறாது. அதையும் பங்கிட்டுச் செலவழிக்க யார் விடுகிறார்கள்? பணம் கைக்கு வரும் வாரத்திலேயே மகளின் கல்யாணக் கடன், மகனை வெளிநாடு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்ட வேண்டிய காசு, அடகில் இருக்கும் நகை என்று வரிசை நிற்கும். அரசு நிர்வாகத்தில் இருந்த தோட்டங்களில் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் வருடக்கணக்கில் பாக்கி கிடந்தது பாராளுமன்றம் வரை போன கதை. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறிய பெயர் என்பதற்காக அலைந்து அலைந்தே செருப்புத் தேய்ந்தவர்கள் எத்தனையோ பேர். இவ்வளவையும் தாண்டி வந்த தொகையில் பாதியையாவது அம்மாவின் பெயரில் நிலையான வைப்பில் போட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுக்கும் பிள்ளை, அவரைக் கொழும்புக்கு அழைத்துப்போகும் பிள்ளையைவிடப் பெரிய உதவி செய்கிறது. மாதம் வரும் வட்டி சிறியதாக இருக்கலாம். ‘நான் வரல்லை’ என்று சொல்லும் தைரியத்தை அது தரும்.

கொழும்பைப் பற்றியும் கொஞ்சம் உள்ளபடி பேச வேண்டும். பிள்ளைகள் மனதில் கொழும்பு என்றால் பெரிய ஆஸ்பத்திரி, ஒரே கூரை, கண்காணிப்பு. அம்மாவுக்கு அது என்ன? கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு ஏழுக்கு வருவார்கள். வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. திருட்டுப் பயம், அல்லது கிழவி எழுந்து எங்காவது போய்விடுவார் என்ற பயம். ஆயுள் முழுக்க நாலாயிரம் அடி உயரத்துக் குளிரில் ஸ்வெட்டரும் தலைத்துணியுமாக வாழ்ந்த உடம்பு அந்தப் புழுக்கத்தில் தூங்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர் யாரென்று தெரியாது. தோட்டத்தில் என்றால் காலையில் கதவு திறக்காவிட்டால் பக்கத்துக் காம்பராக்காரி வந்து தட்டுவாள்; தண்ணீர் பிடிக்கும் இடத்தில், கோயிலில், சாவு வீட்டில் இவருக்கென்று ஒரு இடம் இருக்கும்; மாரியம்மன் திருவிழாவில் முதல் முளைப்பாரியை யார் எடுப்பது என்று கேட்க ஆள் வரும். இதையெல்லாம் கவிதையாக்கத் தேவையில்லை. லயத்து வாழ்க்கையில் சண்டையும் குடியும் இடநெருக்கடியும் அதே அளவு இருக்கின்றன. ஆனாலும் ஒருவர் விழுந்து கிடந்தால் அரை மணி நேரத்துக்குள் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் மாலை ஏழு மணிக்குத்தான் தெரியும்.

முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் குடும்பங்களில் முகம் சுருங்குகிறது. ஊர் என்ன சொல்லும், பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டான் என்று சொல்லும். இந்த மானப் பிரச்சினை பெரியவரைக் காப்பாற்றுவதில்லை. பிள்ளையின் பேரைத்தான் காப்பாற்றுகிறது. தனியே பூட்டிவைத்த அறையைவிட, பேச ஆள் இருக்கும் நல்ல இல்லம் எத்தனையோ மேல். நல்ல இல்லம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். முதியோருக்கான தேசிய செயலகம் அதைப் பார்க்கிறது. பிரதேச செயலகத்தில் கேட்டால் விவரம் சொல்ல வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அதற்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது சுவரும் கட்டிலும் அல்ல. இரவில் கடமையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியுமா? தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு மூதாட்டி நள்ளிரவில் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால் அது யாருக்குப் புரியும்? கிளினிக் நாளில் யார் கூட்டிப் போவார்கள், கிளினிக் கொப்பி யாரிடம் இருக்கும்? வெற்றிலை போட விடுவார்களா? தோட்டத்தில் ஒரு சாவு என்றால் போய்வர விடுவார்களா? வெற்றிலை சின்ன விஷயம் என்று பிள்ளைக்குத் தோன்றும். ஐம்பது வருடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாய் வெற்றிலை போட்டவருக்கு, அதை யாரிடமோ கேட்டுப் போட வேண்டும் என்ற நாளிலிருந்து அந்த இடம் பிடிக்காமல் போகும். முதல் தடவை போய் ஒரு நாள் இருந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும். பிறகு ஒரு வாரம் தங்கட்டும். அதற்குப் பிறகு அவரே சொல்லட்டும். அதுவரைக்கும் தோட்டத்துக் காம்பராவின் சாவி அவர் மடியில்தான் இருக்க வேண்டும்.

இடமாற்றம் முதியவரை என்ன செய்யும் என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல, ஆராயப்பட்ட விஷயம். 1963இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஆல்ட்ரிச், மென்ட்காஃப் என்ற இருவர் சிகாகோவில் மூடப்பட்ட ஓர் இல்லத்திலிருந்து வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் இறந்தார்கள், அதுவும் முதல் மூன்று மாதத்தில். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சில இடங்களில் மாற்றம் ஒரு தீங்கும் செய்யவில்லை. வித்தியாசம் எங்கே என்று தேடியவர்கள் இரண்டு காரணங்களைத் திரும்பத் திரும்பச் சுட்டினார்கள்: போவது அவரே எடுத்த முடிவா, போகும் இடம் முன்கூட்டிப் பழக்கப்பட்டதா. 1976இல் வெளியான இன்னோர் ஆய்வில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகிய இரண்டு உளவியலாளர்கள் ஒரு பராமரிப்பு இல்லத்தின் ஒரு மாடியில் இருந்தவர்களிடம் ‘உங்கள் அறையை எப்படி வைப்பது, எந்த நாள் படம் பார்ப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்’ என்று சொல்லி ஆளுக்கொரு செடி கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு மாடிக்காரர்களிடம் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்களின் செடிக்கும் பணியாளர்களே தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது முதலில் சொன்ன மாடியில் உற்சாகம் கூடுதலாகவும் சாவு குறைவாகவும் இருந்தன. சிறிய ஆய்வு, நூறு பேர்கூட இல்லை. அதன்மேல் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனால் மூன்றாம் நாள் காலை இஸ்தோப்பில் நடக்கும் பேச்சுக்கு அது நேராகப் பொருந்துகிறது. எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதானே நாம் சொல்லும் மிக அன்பான வாக்கியம்.

மலையக மக்களை மற்றவர்கள் இடம் மாற்றிய வரலாறு நீளமானது. 1964இல் இரண்டு தலைநகரங்கள் பேசி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று எண்ணிப் பிரித்தன. மிச்சம் இருந்த 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டன. எந்த லயத்திலும் வந்து யாரும் கேட்கவில்லை. பிறந்த நாள் முதல் தேயிலையைத் தவிர ஒன்றும் அறியாத கிழவர்கள் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் இறங்கி நின்றார்கள். தலவாக்கலைக்காரருக்கு அண்மைய உதாரணமும் உண்டு. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக நகரின் ஆற்றங்கரையோரம் இருந்த நானூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் எழுப்பப்பட்டன. 150 மெகாவாட் மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அந்தத் திட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் இன்னும் சண்டையை முடிக்கவில்லை, அது வேறு விஷயம். நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். மாற்றப்பட்டவர்கள் தலவாக்கலையை விட்டுப் போகவில்லை. அதே சந்தை, அதே பஸ், அதே கோயில். ஓர் ஊரை அதே ஊருக்குள் நகர்த்த அரசாங்கத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. மின்சாரத்துக்காகச் செய்ய முடிந்ததை முதியவர்களுக்காகச் செய்ய முடியாது என்றால் அதற்குக் காரணம் பொறியியல் அல்ல.

அப்படியானால் என்ன செய்யலாம்? தோட்டத்துக்குள்ளேயே, அல்லது தலவாக்கலை, லிந்துலை போன்ற பக்கத்து நகரத்திலேயே, பெரியவர்களுக்கென்று சிறு வீட்டு வரிசைகள். ஒரு வரிசையில் எட்டு அல்லது பத்து. படியில்லாத வாசல், உள்ளேயே கழிப்பறை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, குளிருக்கு அடைப்பான சுவர், தெருவுக்கு வந்தால் த்ரீவீலர். பொதுவாக ஒரு சமையலறை. விரும்பினால் அங்கே சாப்பிடலாம், விரும்பாவிட்டால் தன் அடுப்பில் தானே ரொட்டி தட்டலாம். புதிதாகக் கட்டும் வீட்டுத் திட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் தனி நிதி தேடி அலைய வேண்டியதில்லை. பகல் நேரக் கவனிப்புக்கு நம்மிடமே ஒரு மாதிரி இருக்கிறது. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் புள்ளைக்காம்பரா தோட்டத்தில் நெடுங்கால ஏற்பாடு. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் பயிற்சி கொடுத்த உத்தியோகத்தர், காலை சத்துணவு, மதியம் தூக்கம். குழந்தைக்கு ஏன் இதைச் செய்தார்கள்? தாயின் இரண்டு கையும் கொழுந்துக்குத் தேவைப்பட்டது. இன்று படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக மருமகள் வேலைக்குப் போகாத நாட்களும் அதே கணக்கில்தான் வர வேண்டும். கட்டடம் இருக்கிறது, சமையல் பாத்திரம் இருக்கிறது. இளம் குடும்பங்கள் போய்விட்டதால் சில இடங்களில் பிள்ளைகள் குறைந்துபோய்ப் பாயும் மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு அறையை முதியவர்களுக்குத் திறந்துவிடுவதற்கு ஆணைக்குழு வேண்டியதில்லை.

கம்பனிகள் சொல்லப்போகும் பதில் தெரிந்ததே. தேயிலை விலை, உற்பத்திச் செலவு, ஆள் பற்றாக்குறை. வேலை செய்யாதவருக்கு வீடு கொடுத்தால் வேலை செய்பவரை எங்கே வைப்பது? இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி இப்போது சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. பெருந்தோட்டத்தின் நிலை முன்போல இல்லை. முழுச் சுமையையும் கம்பனியின் தலையில் வைக்க நானும் சொல்லவில்லை. கட்டடத்தை அரசும் உதவி நிதியும் பார்க்கலாம். கம்பனியிடம் கேட்பது காணியில் ஒரு துண்டும், ஓய்வு பெற்றவரை அவர் ஆயுள் வரைக்கும் எழுப்ப மாட்டோம் என்ற எழுத்தும். இரண்டாவதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆள் பற்றாக்குறை என்று சொல்லும் நிர்வாகத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் அம்மா கடைசிக் காலத்தில் எப்படி நடத்தப்படுகிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இருபது வயதுப் பெண் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு வர மாட்டாள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போவாள்.

இன்னோர் ஆட்சேபணை இதைவிடக் கனமானது. லயத்தை ஒழிக்க வேண்டும் என்று இத்தனை காலம் போராடிவிட்டு, இப்போது பெரியவர்களைத் தோட்டத்திலேயே நிறுத்தச் சொல்வதா? இளையவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், பத்து வருடத்தில் வெறும் கிழவர்கள் மட்டும் மலையில் மிஞ்சினால் அது குடியிருப்பா, கைவிடப்பட்ட இடமா? மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபரில் லயத்தோடு மண் சரிந்து மூடியதும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டதும் கண்முன் நிற்கின்றன. சரிவான இடத்து லயத்திலிருந்து முதியவரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. அபாய இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன இடத்தில் விருப்பத்துக்கு இடமில்லை, எழும்பத்தான் வேண்டும். மற்ற இடங்களில் வீட்டு வரிசை தோட்டத்துக்கு நடுவில் இருப்பதைவிடப் பஸ் ஓடும் தெருவையும் வைத்தியசாலையையும் ஒட்டி இருப்பது நல்லது. பழைய டிவிஷனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்வர முடிந்தால் போதும். நான் காப்பாற்றச் சொல்வது லயத்தை அல்ல. தெரிந்த முகங்கள், தெரிந்த மொழி, தெரிந்த குளிர். ஒரு தோட்டத்து ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்தே நகரத்துக்கு இறங்கினால் இந்த மூன்றும் கூடவே இறங்கும். ஒவ்வொருவராகப் பிரித்துப் பத்து நகரத்துக்கு அனுப்பினால் ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் பெரியவர்கள் வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டார்கள், அவர்களிடம் போய் என்ன தேர்வு என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் சொல்லிப் பழகாத தலைமுறை. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். ‘எங்கே இருக்க விருப்பம்?’ என்றால் பதில் வராது. ‘ராத்திரிக்கு யாராவது பக்கத்தில் படுத்தால் போதுமா? தங்கச்சி வீட்டில் போன தடவை ஏன் நாலு நாளில் திரும்பி வந்தாய்? அந்த இல்லத்தில் எது பிடிக்கவில்லை?’ என்றால் வரும். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து நின்று கேட்கக் கூடாது. அவர் யாரோடு மனம் விட்டுப் பேசுவாரோ அந்த ஒருவர், அது பேத்தியாகவோ பக்கத்துக் காம்பராக்காரியாகவோ இருக்கலாம், கேட்க வேண்டும். மறதி நோய் முற்றியவர்களிடம் இதுவும் நடக்காது. அதனால்தான் நல்ல நினைவு இருக்கும் அறுபது வயதில், சேவைக்காலப் பணம் வாங்கும் நாளிலேயே இதைப் பேசி எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். வங்கிப் புத்தகம் யாரிடம், கிளினிக்குக்கு யார், படுத்துவிட்டால் எங்கே, செத்தால் எங்கே அடக்கம். கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள். பெரியவர்கள் அதற்குத்தான் முதலில் பதில் சொல்வார்கள்.

ஒன்றும் முடியாத இடத்தில் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் வசதியுள்ள பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. பராமரிப்புச் சபைக்கு முதியவர் முறையிடலாம். நாட்கூலியில் வாழும் பிள்ளையிடமிருந்து சபை எதைப் பெற்றுக் கொடுக்கும் என்பது நியாயமான சந்தேகம். தன் பிள்ளைக்கு எதிராக எந்தத் தாய் மனு எழுதுவாள் என்பது அதைவிடப் பெரிய சந்தேகம். முதியோர் கொடுப்பனவு 5,000 ரூபாவாக உயர்ந்திருப்பது உதவிதான். ஆனால் தோட்டத்து ஆபீஸ் முகவரிக்கு வந்து அங்கேயே கிடக்கும் கடிதங்களால் பதிவே நடக்காமல் போனவர்களும் உண்டு. தனி முகவரி, தனி உறுதி, தனி வங்கிக் கணக்கு என்ற மூன்றுக்கும் இன்னும் போராடிக்கொண்டிருக்கும் சமூகத்தில், இவை முதலில் போய்ச் சேர வேண்டியது எழுபதைத் தாண்டியவர்களுக்கு. இளையவருக்குக் காத்திருக்க நாள் இருக்கிறது. இன்று அறுபதில் செக்ரோலில் பேர் வெட்டி வெளியே வரும் பெண்ணுக்கு 2045இல் தோட்டக் குத்தகைகள் முடியும்போது எண்பது வயது நெருங்கியிருக்கும். அந்தக் குத்தகையைப் புதுப்பிப்பதா, காணியை யாருக்குக் கொடுப்பது என்று பேச்சுத் தொடங்குவதற்கு முன்பே, அவள் படுத்திருக்கும் காம்பரா யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு சரத்தாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போதே அதைக் கொண்டுபோகலாம்.